நாம் விடும் ஒரு வேளை உணவு



சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரையிலான நாட்களில் நம் வீடுகளில் சில காரியங்கள் மாறிவிடுகின்றன. சிலர் மாமிசத்தை விடுகிறார்கள். சிலர் காலை ஆகாரத்தை விடுகிறார்கள். காப்பியும் டீயும் வேண்டாம் என்று சிலர் தீர்மானிக்கிறார்கள். பெண்கள் பலர் தலையில் பூ வைப்பதில்லை. கல்யாணப் பேச்சை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் சபையில் உபவாசக் கூட்டம் நடக்கிறது. முடிவில் கஞ்சியும் துவையலும் கொடுக்கிறார்கள்.

இவை நல்ல பழக்கங்கள்தான். ஆனால் "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேர் தெளிவாகப் பதில் சொல்வோம்? "வழக்கம்", "பெரியவர்கள் செய்தார்கள்", "ஜெபம் கேட்கப்படும்" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்போம். ஆகையால் இந்த இதழில் உபவாசத்தைப் பற்றியும், அதோடு சேர்ந்த சுயவெறுப்பைப் பற்றியும் வேதாகமமும் திருச்சபையின் வரலாறும் என்ன சொல்லுகின்றன என்று சற்று விளக்கமாகப் பார்ப்போம். மருத்துவமனையின் மடலானபடியால், யார் உபவாசிக்கலாம், யார் உபவாசிக்கக் கூடாது என்பதையும் கடைசியில் சேர்த்திருக்கிறோம்.

சொற்களின் பொருள்

"உபவாசம்" என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். "உப" என்றால் அருகில், "வாசம்" என்றால் தங்கியிருத்தல். அருகில் தங்கியிருப்பதே உபவாசம். சொல்லுக்குள் உணவைப் பற்றிய பேச்சே இல்லை. கத்தோலிக்கச் சகோதரர்கள் "ஒருசந்தி" என்றும் "சுத்தபோசனம்" என்றும் இரண்டு சொற்களை வழங்கி வந்திருக்கிறார்கள். ஒரு வேளை மட்டும் நிறைவாகச் சாப்பிடுவது ஒருசந்தி. மாமிசத்தைத் தவிர்ப்பது சுத்தபோசனம். பொதுத் தமிழில் உண்ணாநோன்பு என்கிறோம்.

பழைய ஏற்பாட்டில் பாவநிவிர்த்தி நாளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் (லேவி. 16:29, 23:27) எபிரெயச் சொல்லின் கருத்து ஆத்துமாவைத் தாழ்த்துவது என்பதாகும். வயிறு காலியாக இருப்பது வெளியே தெரியும் அடையாளம். உள்ளே நடக்கவேண்டியது தாழ்மை. இந்த இரண்டும் பிரிந்து போகும்போதெல்லாம் தீர்க்கதரிசிகள் எழும்பிக் கண்டித்திருக்கிறார்கள்.

வேதாகமத்தில் உபவாசம்

மோசேயின் நியாயப்பிரமாணம் ஆண்டுக்கு ஒரே ஒரு நாளைத்தான் எல்லாருக்கும் உபவாச நாளாகக் கட்டளையிட்டது. அதுவே மேலே சொன்ன பாவநிவிர்த்தி நாள். மற்றவை எல்லாம் அந்தந்த நேரத்தில் மக்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டவை. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேட்டபோது நெகேமியா உபவாசித்து அழுதார். ராஜாவின் முன் போகுமுன் எஸ்தர் தன் ஜனங்களை மூன்று நாள் உபவாசிக்கச் சொன்னாள். யோனாவின் பிரசங்கத்தைக் கேட்ட நினிவே பட்டணத்தில் ராஜா முதல் மிருகஜீவன்கள் வரை உபவாசித்தன.

பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் யூதர்கள் ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் உபவாசம் வைத்தார்கள். எழுபது வருஷம் அப்படிச் செய்தபின், இனியும் தொடரவேண்டுமா என்று கேட்டு ஆட்களை அனுப்பினார்கள். அதற்குக் கர்த்தர் சகரியாவின் மூலம் ஒரு கேள்வியையே பதிலாக அனுப்பினார்: எழுபது வருஷமும் நீங்கள் உபவாசித்தது எனக்காகவா? (சகரியா 7-ம் அதிகாரம்). விதவையையும், திக்கற்ற பிள்ளையையும், பரதேசியையும், ஏழையையும் ஒடுக்காமலிருப்பதைப் பற்றி அடுத்தாற்போல் பேசுகிறார். கேள்வி உபவாசத்தைப் பற்றியது. பதிலோ அயலானைப் பற்றியது.

ஏசாயா 58-ம் அதிகாரம் இதைவிடக் கூர்மையானது. ஜனங்கள் முறையிடுகிறார்கள்: நாங்கள் உபவாசித்தோம், நீர் ஏன் பார்க்கவில்லை? அதற்கு வரும் பதில், உங்கள் உபவாச நாளிலேயே உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள் என்பதுதான். அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்ந்துகொள்வதும், வீடில்லாதவனை உள்ளே சேர்ப்பதும், உடையில்லாதவனுக்கு உடுத்துவிப்பதுமே தமக்குப் பிரியமான உபவாசம் என்று கர்த்தர் சொல்லுகிறார்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில், பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் "சம்பளத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். அன்று இரவு அந்த அம்மாவின் வீட்டில் அடுப்பு எரியாமல் போனால், அந்த வீட்டிலும் ஓர் உபவாசம் நடந்திருக்கிறது. அது நாம் நடத்திவைத்த உபவாசம்! ஏசாயா கேட்ட கேள்வி அங்கேதான் நம்மைத் தொடுகிறது.

ஆண்டவர் என்ன சொன்னார்?

நம் ஆண்டவர் தமது ஊழியத்தைத் தொடங்குமுன் வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசித்தார். பசி உண்டானபோது வந்த முதல் சோதனையே அப்பத்தைப் பற்றியதுதான். தமக்காகக் கல்லை அப்பமாக்க அவர் சம்மதிக்கவில்லை. பிற்பாடு பசியாயிருந்த ஐயாயிரம் பேருக்கு அவர் ஐந்து அப்பங்களைப் பெருகச் செய்தார். தம்முடைய பசிக்காகப் பயன்படுத்தாத வல்லமையை மற்றவர்களுடைய பசிக்காகப் பயன்படுத்தினார். கிறிஸ்தவ உபவாசத்தின் முழுப் பொருளும் இந்த இரண்டு சம்பவங்களுக்கு இடையில் இருக்கிறது என்று சொல்லலாம்.

மலைப்பிரசங்கத்தில் அவர் தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பேசினார் (மத். 6-ம் அதிகாரம்). மூன்றுக்கும் ஒரே விதி: மனுஷர் காணும்படி செய்யாதே. உபவாசிக்கும்போது முகத்தை வாடவிடாமல், தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவிக்கொண்டு இருக்கச் சொன்னார். ஆலயத்தில் ஜெபம்பண்ணின பரிசேயன் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசிக்கிறவன்தான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன், உபவாசக் கணக்கு ஒன்றும் கையில் இல்லாத ஆயக்காரன்.

உம்முடைய சீஷர் ஏன் உபவாசிக்கிறதில்லை என்று கேட்டபோது, மணவாளன் கூடவே இருக்கும்போது கல்யாண வீட்டார் உபவாசிப்பார்களா என்று ஆண்டவர் கேட்டார். மணவாளன் எடுபடும் நாட்கள் வரும், அப்போது உபவாசிப்பார்கள் என்றும் சொன்னார் (மாற்கு 2:18-20). ஆகையால் நம்முடைய உபவாசம் துக்கம் காப்பதோடு நிற்பதில்லை. வரப்போகிறவருக்காகக் காத்திருப்பதும் ஆகும். மேல்நாட்டுத் திருச்சபையில் ஞாயிற்றுக்கிழமையை உபவாசத்திலிருந்து விலக்கி வைத்ததும் அவர் உயிர்த்தெழுந்த சந்தோஷத்தினால்தான். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையிலுள்ள 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 கிடைக்கும். லெந்து நாட்களிலும் ஞாயிறு பண்டிகை நாளே.

உபவாசம் பேரம் பேசுவது அல்ல

நம் நாட்டில் உண்ணாவிரதப் போராட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. பந்தல் போட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்து, கோரிக்கை நிறைவேறும் வரை எழுந்திருப்பதில்லை. அது அரசாங்கத்தை வழிக்குக் கொண்டுவரும் முறை. அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அறியாமலேயே நாம் அந்த முறையை தேவனுடைய சந்நிதிக்கும் கொண்டுபோய்விடுகிறோம். "இத்தனை நாள் உபவாசித்தேன், இனி அவர் கொடுத்தே ஆகவேண்டும்" என்று நினைக்கிறோம்.

மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளை கிடக்கும். வராந்தாவில் பாயை விரித்துத் தாய் ஒன்றும் சாப்பிடாமல் படுத்திருப்பாள். டாக்டர் சொல்லியும் கேட்கமாட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டால் அது அவளுடைய உபவாசத்தின் பலன் என்று உறவினர் சாட்சி சொல்லுவார்கள். பிழைக்காவிட்டால்? "இன்னும் ஒரு நாள் உபவாசித்திருந்தால்", "விசுவாசத்தோடு செய்திருந்தால்" என்று யாராவது ஒருவர் வாய் திறப்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் தலையில் குற்றத்தையும் ஏற்றி வைப்பார்கள். இதைவிடக் கொடிய சுமை வேறில்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகவே 2 சாமுவேல் 12-ம் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது போலும். தாவீது தன் குழந்தைக்காகத் தரையிலே கிடந்து உபவாசித்தான். வீட்டு மூப்பர் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. அவர்களோடே சாப்பிடவும் இல்லை. ஏழாம் நாளிலே குழந்தை இறந்துபோயிற்று. இந்தச் செய்தியைச் சொல்ல ஊழியக்காரர் பயந்தார்கள். தாவீதோ எழுந்து, குளித்து, வஸ்திரம் மாற்றி, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டு, பின்பு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அவன் உபவாசம் குறைவுள்ளது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நாதானின் வார்த்தையைக் கேட்டிருந்தும் அவன் தேவனிடம் இரக்கம் கேட்டான். கேட்டதற்கு வந்த பதில் கசப்பாயிருந்தும் அவரை விட்டுப் போகவில்லை. அருகில் தங்கியிருப்பதே உபவாசம் என்று முன்பு சொன்னோம் அல்லவா? தாவீது அப்படியே தங்கியிருந்தான்.

எனவே வராந்தாவில் பட்டினி கிடக்கும் தாயிடம் நாம் சொல்லவேண்டியது இதுவே: "அம்மா, நீ சாப்பிடு. உன் பிள்ளைக்கு நீ தெம்பாக இருப்பது அவசியம். உனக்காக இன்று நாங்கள் உபவாசிக்கிறோம்." இந்த வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனையோ வராந்தாக்கள் இருக்கின்றன.

ஆதித்திருச்சபை போட்ட கணக்கு

அப்போஸ்தலர் நடபடிகள் 13-ம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையார் ஆராதித்து உபவாசித்துக் கொண்டிருக்கும்போதுதான் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்குப் பிரித்தனுப்பும்படி ஆவியானவர் பேசினார். மறுபடியும் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அவர்களை அனுப்பினார்கள். சபை வெளியே புறப்பட்டதற்கும் உபவாசத்துக்கும் தொடர்பு அன்றே ஏற்பட்டுவிட்டது.

அப்போஸ்தலர் காலத்துக்கு அடுத்து எழுதப்பட்ட "திதாகே" என்னும் சிறு நூல் புதன், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களை உபவாச நாட்களாகக் குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸைச் சேர்ந்த அரிஸ்தீதஸ் என்பவர் ரோமப் பேரரசனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு விளக்கம் எழுதினார். அதில் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. தங்களில் ஒருவன் வறுமைப்பட்டு, அவனுக்குக் கொடுக்க மற்றவர்களிடமும் மிச்சம் இல்லாமல் இருந்தால், அவர்கள் இரண்டு மூன்று நாள் உபவாசித்து அந்த உணவை அவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர் தெரிவிக்கிறார். கொடுத்தவர்களும் ஏழைகளே என்பதை மறக்கக்கூடாது.

அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட "எர்மாவின் மேய்ப்பன்" என்ற நூல் இன்னும் நுணுக்கமான யோசனை சொல்லுகிறது. உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மாத்திரம் எடுத்துக்கொள். நீ வழக்கமாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்குப் போடு. அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ, திக்கற்ற பிள்ளைக்கோ, இல்லாதவனுக்கோ கொடு. இதுதான் அதன் சாரம். உணவை விடுவதோடு வேலை முடிவதில்லை. விட்ட உணவு ஒருவருடைய கையில் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அது நமக்குச் சிக்கனம் மட்டுமே.

நான்காம் நூற்றாண்டில் கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியாவில் வாழ்ந்த பாசில் என்ற போதகரை இங்கே நினைவுகூர வேண்டும். இன்று துருக்கியிலுள்ள கைசேரி நகரமே அந்தச் செசரியா. உபவாசத்தைப் பற்றி அவர் செய்த பிரசங்கங்கள் இன்றும் கிடைக்கின்றன. மாமிசத்தைத் தொடாமல் இருந்துகொண்டு, வழக்குகளாலும் வாய்ச்சண்டையாலும் சகோதரனைத் தின்கிறவர்களை அவர் கடிந்துகொண்டார். 369-ம் ஆண்டையொட்டி அந்த நாட்டில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. தானியத்தைப் பதுக்கி வைத்திருந்த செல்வந்தரின் களஞ்சியங்களைத் தமது பிரசங்கத்தினாலேயே திறக்கச் செய்து, பசித்தவர்களுக்குக் கூழ் ஊற்றினார். 370-ல் பேராயரான பிறகு நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும், குஷ்டரோகிகளுக்கும், வழிப்போக்கருக்கும் பெரிய பராமரிப்பு நிலையம் ஒன்றைக் கட்டினார். "பசிலியாத்" என்று பெயர் பெற்ற அதைக் கிறிஸ்தவ மருத்துவமனைகளின் முன்னோடிகளில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் சொல்லுகிறார்கள். உபவாசத்தைப் பிரசங்கித்த அதே வாய் ஆஸ்பத்திரிக்காகவும் பரிந்து பேசிற்று.

"தன்னை வெறுத்தல்" என்றால் என்ன?

என்னைப் பின்பற்ற விரும்புகிறவன் தன்னை வெறுத்து, சிலுவையை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்ற கருத்தில் ஆண்டவர் பேசியிருக்கிறார் (மாற்கு 8:34). "வெறுத்தல்" என்று தமிழில் படிக்கும்போது, தன் உடலையே பகைக்கவேண்டும், தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று எண்ணவேண்டும் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். மூலமொழியான கிரேக்கத்தில் அங்கு உள்ள சொல், பேதுரு ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்ததைச் சொல்லும் அதே சொல். பேதுரு "அந்த மனுஷனை அறியேன்" என்ற கருத்தில் பேசினான். அதே பேச்சை நாம் நம்முடைய சுயத்திடம் பேசவேண்டும். "எனக்கு, எனக்கு" என்று உள்ளே ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறானே, அவனைப் பார்த்து "உன்னை எனக்குத் தெரியாது, இந்த வீட்டுக்கு எஜமான் வேறொருவர்" என்று சொல்லுவதே சுயவெறுப்பு.

இது பெரிய காரியங்களில் மட்டும் நடப்பதல்ல. 1886-ல் லண்டனில் இரட்சண்ய சேனையின் ஸ்தாபகர் வில்லியம் பூத் அயல்நாட்டு ஊழியங்களுக்காகக் காணிக்கை கேட்டார். ஜான் கார்ல்டன் என்ற அதிகாரியிடம் கொடுக்கப் பணமில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளும் புட்டிங்கை ஒரு வருஷம் விட்டுவிட்டால் 50 ஷில்லிங் மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்து, அதைத் தருவதாக எழுதிக் கொடுத்தார். ஒருவர் வருஷம் முழுவதும் விடுவதற்குப் பதிலாக எல்லாரும் ஒரு வாரம் எதையாவது விடலாமே என்று பூத் யோசித்தார். அப்படித் தொடங்கியதே சுயவெறுப்பு வாரம். அந்தக் காணிக்கை இரட்சண்ய சேனையின் அயல்நாட்டு ஊழியங்களுக்குப் பெரிய ஆதாரமாக வளர்ந்தது. நம் நாட்டில் அந்தச் சேனையின் ஊழியம் 1882-ல் தொடங்கியிருந்தது. 1893-ல் நாகர்கோவிலில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற அதிகாரி தம் வீட்டின் ஒரு சிறு அறையில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அதுவே பின்னர் வடசேரியில் கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது.

நம் நாட்டிலேயே இன்னும் எளிய முன்மாதிரி ஒன்று உண்டு. மிசோரம் மலைகளில் 1894-ல்தான் மிஷனரிகள் வந்து தங்கி ஊழியம் தொடங்கினார்கள். பதினாறே வருஷத்தில், 1910-ல், அங்குள்ள கிறிஸ்தவப் பெண்கள் "புஃபாய் தாம்" என்னும் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பொருள் கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைக்கிறார்கள். சபைப் பெண்கள் வீடுவீடாகப் போய் அதைச் சேகரிக்கிறார்கள். அரிசியை விற்று வரும் பணம் ஊழியங்களுக்குப் போகிறது. ஒரு பிடி ஒரு பிடியாகச் சேர்ந்த அந்த அரிசி, இக்காலத்தில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகிறது. அதன் துணையால் மிசோ சபை இந்தியாவின் பல பகுதிகளுக்கு ஊழியரை அனுப்புகிறது.

நம் தமிழ்ச் சபைகளுக்கும் பிடியரிசிக் காணிக்கை புதியதல்ல. அடுப்பங்கரையில் ஒரு கலயம், அதில் பாட்டிமார் போட்ட ஒரு பிடி அரிசி, நம்மில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தமிழ் விசுவாசிகளின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது.

கைப்பிடி அரிசியில் ஒரு விசேஷம் இருக்கிறது. எடுத்தவர் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. எல்லாருக்கும் ஒரு கவளம் குறைகிறது, அவ்வளவுதான். உபவாசிக்க முடியாத குழந்தைகளும், முதியோரும், நோயாளிகளும்கூட அதில் பங்குபெறுகிறார்கள்.

கட்டாயமும் பெருமையும்

திருச்சபை இந்த விஷயத்தில் தவறாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. உபவாசம் கட்டளையாகி, மீறினால் தண்டனை என்ற நிலையும் வந்தது. 1522-ம் ஆண்டு லெந்து நாட்களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஓர் அச்சகத்தார் வீட்டில், வேலை மிகுந்த நேரத்தில் சிலர் மாமிசம் சாப்பிட்டார்கள். பெரிய குழப்பம் உண்டாயிற்று. உடனிருந்தும் தாம் சாப்பிடாத போதகர் சுவிங்கிலி, உணவு விஷயத்தில் கிறிஸ்தவனுக்குச் சுயாதீனம் உண்டு என்று பிரசங்கித்தார். ஆனாலும் சீர்திருத்தச் சபையார் உபவாசத்தையே தள்ளிவிடவில்லை. ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டு நாட்களில் புதன், வெள்ளி இரண்டு நாளும் உபவாசித்தார். 1743-ல் மெதடிஸ்டுகளுக்கு அவர் எழுதிக் கொடுத்த பொது விதிகளிலும் உபவாசம் இடம்பெற்றது.

ரோமர் 14-ம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் ஆலோசனை இன்றைக்கும் போதும். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணவேண்டாம். சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவேண்டாம்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். நம்மைச் சுற்றிலும் யாரும் சொல்லாமலே உபவாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு மருந்து வாங்க வேண்டும், ஊருக்குப் பஸ் கட்டணம் மீதி வேண்டும் என்பதற்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுக்கும் துணையாட்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் உண்டு. அவர்களுக்கு லெந்து காலம் வருஷம் முழுவதும்! நாம் விரும்பி விடும் ஒரு வேளையும், அவர்கள் வேறு வழியின்றி விடும் ஒரு வேளையும் சந்தித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மற்றொன்றை நிரப்பவேண்டும்.

மருத்துவர்கள் தரும் ஆலோசனை

உணவில்லாதபோது உடல் முதலில் கல்லீரலில் சேமித்து வைத்துள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகிறது. ஏறக்குறைய ஒரு நாளில் அது தீர்ந்துபோகும். பிறகு கொழுப்பைக் கரைக்கிறது. ஆரோக்கியமான பெரியவர் ஒரு வேளையோ ஒரு நாளோ உணவை விடுவதால் பொதுவாகத் தீங்கில்லை. தண்ணீரை மட்டும் நன்றாகக் குடிக்கவேண்டும். ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது.

1. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி இருந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் இவர்கள் உபவாசிக்கவே கூடாது.

2. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், பேச்சில் குழப்பம் ஆகியவை சர்க்கரை குறைவதின் அறிகுறிகள். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனாலோ, இந்த அறிகுறிகள் வந்தாலோ, உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உபவாசத்தை முடித்துவிடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

3. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள், தளர்ந்த முதியோர், சிறுநீரக நோயாளிகள், குடற்புண் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் உணவை விடவேண்டாம்.

4. மருந்து உணவல்ல. காசநோய், வலிப்பு, இரத்த அழுத்தம், இருதய நோய் இவற்றுக்கான மாத்திரைகளை உபவாசத்தின் பெயரால் நிறுத்தாதீர்கள்.

5. பல நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிடுவது ஆபத்து. நீண்ட உபவாசங்களை மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் செய்யவேண்டாம். ஒரு நாள் உபவாசத்தைக் கஞ்சியோடு முடிப்பது நம் முன்னோர் கண்ட நல்ல வழி.

உடல் இடங்கொடாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. டெலிவிஷனை ஒரு மாலை அணைத்து வைக்கலாம். செல்போனை ஒரு மணி நேரம் பெட்டிக்குள் வைத்துவிட்டு நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகலாம். புதுத்துணி ஒன்றைக் குறைக்கலாம். பல நாளாய்ப் பேசாமலிருக்கும் சகோதரனிடம் முதலில் பேசலாம். இந்தக் கடைசி உபவாசம் எல்லாவற்றிலும் கடினமானது என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுவார்கள்.

எப்படித் தொடங்கலாம்?

வாரத்தில் ஒரு வேளையைக் குடும்பமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வேளைக்கு ஆகும் செலவைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி, கியாஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அவர்கள் எழுதட்டும். அந்தத் தொகையை அன்றே ஓர் உறையில் போட்டுவிடுங்கள். "பிறகு" என்று தள்ளினால் அது செலவாகிவிடும். சமைத்துச் சாப்பிட்டு எழும் அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். யாருக்காக உபவாசிக்கிறோமோ அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

உறையிலுள்ள பணம் எங்கே போகவேண்டும்? நம் மருத்துவமனையின் ஏழை நோயாளிகள் நிதிக்கு அனுப்பினால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். ஆனால் முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள். அடுத்த வீட்டில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவர் இருக்கலாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக ஒரு துணையாள் காத்திருக்கலாம். அங்கே கொடுத்தாலும் அது அதே ஆண்டவருடைய கையில்தான் சேருகிறது.

பரலோகப் பிதாவே, நாங்கள் விடும் ஒவ்வொரு வேளை உணவையும் பசித்திருக்கும் ஒருவருடைய தட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தருளும். எங்கள் பசி எங்களை உமக்கு அருகிலும், எங்கள் அயலாருக்கு அருகிலும் கொண்டுவந்து நிறுத்தட்டும். வராந்தாக்களில் காத்திருக்கிறவர்களைத் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.